மூன்றாம் சாட்சி

"மெஷின் தானா ஓடும்போது இன்னொரு தடவை கை வெச்சீங்கன்னா, கையோட சேர்ந்து நீங்களும் வெளிய போயிடலாம்."

முதலாளியம்மா இதைச் சொல்லி ஒரு மாதம் ஆகிறது. சொன்னது மச்சானிடம். சத்தம் போடவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். அதனாலேயே அது மச்சானின் மனதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

நடந்தது இதுதான். கண்ணாடித் தட்டுகளுக்குத் தங்கம் பூசிக்கொண்டிருந்தபோது, பழைய கன்ட்ரோலரில் பூச்சின் கனம் காட்டும் எண் நகராமல் நின்றுவிட்டதாக நினைத்து, உலோக ஆவியை மறைக்கிற தகடான ஷட்டரை மச்சான் கையால் மூடிவிட்டார். எண் நிற்கவில்லை. அவர் கண்தான் எங்கோ நின்றுவிட்டிருந்தது. பதினெட்டுத் தட்டிலும் பூச்சு மெலிந்துபோனது. எல்லாவற்றையும் கரைத்தெடுத்து, தேய்த்து, மெருகேற்றி, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. அன்றிலிருந்து பட்டறையில் அவருக்கு 'ஷட்டர்' என்று பெயர் வந்தது. "ஷட்டர் வந்தாச்சா, ஷட்டர் சாப்பிட்டாச்சா" என்று வாய்க்கு வாய் அதே பேச்சு.

அப்போது அவருடைய தங்கை இறந்து மூன்று மாதம். அதை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. அவரும் வாய் திறக்கவில்லை.

அந்தத் தங்கைதான் அவனுடைய மனைவி.

அவன் அதே பட்டறையில் இன்ஜினியர். வயது இருபத்தொன்பது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து மச்சானுக்கு அவன் தம்பி. கல்யாணத்துக்குப் பிறகு மாப்ள. இருவரும் ஒரே பைக்கில்தான் வருவார்கள், போவார்கள். முன்பு வழியெல்லாம் பேச்சு ஓயாது. இப்போது திருப்பம் வந்தால் மச்சான் "பிடிச்சுக்கோ" என்பார். அதோடு சரி. வண்டியின் பக்கப்பெட்டியில் இரண்டு சாப்பாட்டு டப்பா இருக்கும். அத்தை கொடுத்து அனுப்புவது. ஒன்று மகனுக்கு, ஒன்று மருமகனுக்கு. அவன் தன் டப்பாவைப் பளபளவென்று கழுவித்தான் திருப்பிக் கொடுப்பான். சாப்பிட்டானா, கொட்டினானா என்று அத்தைக்குத் தெரியக்கூடாது என்பதற்காக.

அவனை யாரும் எதுவும் கேட்பதில்லை. கேட்டாலும் சொல்ல ஒன்றும் இல்லை. நாலு மாதமாக உள்ளே எதுவும் ஆடவில்லை. பல் பிடுங்குகிற டாக்டர் ஊசி போட்டதும் கன்னம் கட்டையாகிப்போகுமே, அப்படி இருந்தது, கால் முதல் தலை வரை.

புதுக் கன்ட்ரோலர் வந்து பத்து நாள் ஆகிறது. செருப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. இனி ஷட்டரைத் திறப்பதும் மூடுவதும் அதன் பொறுப்பு. மனிதக் கை வேண்டாம் என்பதற்காகத்தான் முதலாளியம்மா அதை வாங்கினார். ஓடிக்கொண்டிருக்கும்போது யாரும் எந்த எண்ணையும் மாற்ற முடியாதபடி பூட்டும் போட்டு வைத்தார். கையால் மூடுகிற சுவிட்ச் ஒன்று மட்டும் ஆபத்துக்கு என்று மிஞ்சியது. சிவப்பு மூடி போட்ட சுவிட்ச். மச்சான் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார்.

பெட்டிக்குப் பொருள்களைச் சொல்லிக்கொடுக்கிற வேலை அவனுடையது. பூச்சு எவ்வளவு ஏறியது என்று பெட்டி நேராகப் பார்ப்பதில்லை. பூச்சு நடக்கிற சேம்பருக்குள் ஒரு குவார்ட்ஸ் வில்லை இருக்கிறது. சட்டை பட்டன் அளவு. விநாடிக்கு அறுபது லட்சம் முறை நடுங்கும். ஆவியாகும் உலோகம் தட்டின் மேல் படிகிற மாதிரியே அதன் மேலும் படியும். பாரம் ஏற ஏற நடுக்கம் குறையும். குறைந்த நடுக்கத்தை வைத்துப் பெட்டி கனத்தைக் கணக்குப் போடும். அதற்கு ஒவ்வொரு உலோகத்தைப் பற்றியும் சில எண்கள் தெரிய வேண்டும். ஒன்று அடர்த்தி. இன்னொன்று, அந்த உலோகம் குவார்ட்ஸோடு எப்படிச் சேர்ந்து அதிரும் என்பதைச் சொல்கிற விகிதம்.

அடர்த்தியில் சிக்கல் இல்லை. பழைய நோட்டில் இருந்ததை அப்படியே ஏற்றினான். இரண்டாவதில்தான் சின்ன வேலை இருந்தது. பழைய கன்ட்ரோலர் கேட்டது விகிதம் இல்லை. அதிர்வுத் தடை என்று வேறொரு எண். புதுப்பெட்டிக்கு மாற்ற வேண்டுமானால் குவார்ட்ஸின் எண்ணான 8.83-ஐ எடுத்து, உலோகத்தின் எண்ணால் வகுக்க வேண்டும். அவ்வளவுதான். பள்ளிப் பிள்ளை போடுகிற கணக்கு. அலுமினியம், செம்பு, நிக்கல், குரோமியம் என்று வரிசையாகப் போட்டுக்கொண்டு வந்தான். நடுவில் ஒரு போன் வந்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்து, மீதி இருந்த தங்கம், வெள்ளி, டைட்டானியத்தையும் முடித்தான். புது வில்லை மாட்டி ஆயிரம் அளவுக்குத் தங்கம் பூசிச் சோதித்தார்கள். அச்சுப் பிசகாமல் ஆயிரம் வந்தது. கையெழுத்துப் போட்டான்.

இன்றைக்கு மூன்று லோடு. லோடுக்குப் பதினெட்டுத் தட்டு. ஏதோ மருத்துவமனைக் கருவிக்குள் போகிறவை. வாடிக்கையாளர் அனுப்பிய காகிதத்தில் இரண்டு நிபந்தனைகள். தங்கம் ஐயாயிரம் ஆங்ஸ்ட்ராம் இருக்க வேண்டும். இருநூற்றைம்பது கூடலாம், குறையலாம். ஒரு மில்லிமீட்டரைக் கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் ஆங்ஸ்ட்ராம். இரண்டாவது நிபந்தனை, பூச்சு ஒரே மூச்சில் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி ஏற்றினால் ஏடு ஏடாக உரிந்து வரும்.

தட்டுகளோடு ஒரு வெறும் கண்ணாடித் துண்டையும் வைப்பார்கள். அதற்குப் பட்டறையில் சாட்சி என்று பெயர். லோடு முடிந்ததும் சாட்சி அளவறைக்குப் போகும். அங்கே ஒரு அக்கா இருந்தார். ஊசிமுனை போல ஒரு கருவியைச் சாட்சியின் மேல் ஓட்டி, பூச்சின் விளிம்பில் எவ்வளவு உயரம் ஏறி இறங்குகிறது என்று பார்ப்பார்.

முதல் சாட்சி: 5,030.

"நல்ல சாட்சி," என்றார் அக்கா. "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுது."

இரண்டாம் சாட்சி: 5,170.

"இது கொஞ்சம் வாய் நீளம். ஆனா எல்லைக்குள்ளதான். ஷட்டர் அண்ணே, கை கிய்யி வெச்சீங்களா?"

மச்சான் தாளை வாங்கிப் பார்த்தார். பின்னால் நின்றிருந்த முதலாளியம்மாதான் கேட்டார். "வெச்சீங்களா?"

"இல்லம்மா. தள்ளித்தான் நின்னேன்."

"பெட்டி அதே பெட்டி. நம்பர் அதே நம்பர். டெஸ்ட்ல சரியா வந்த நம்பர். அப்புறம் எது மாறுச்சு?" முதலாளியம்மா அவனைப் பார்த்தார். அவன் தோளைக் குலுக்கினான். அவர் மச்சானைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு வந்து எடுத்துட்டுப் போறாங்க. மூணாவது லோடு மூணரைக்குள்ள முடியணும். எல்லை தாண்டிச்சுன்னா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். கணக்கு முடிச்சு அனுப்பிடுவேன்."

அவன் தோளைக் குலுக்கியது மச்சானுக்குத் தெரிந்தது. அடுத்த லோடை ஏற்றப் போனார்.

மூன்றாவது லோடில் ஷட்டர் திறந்தது மூன்று மணி இரண்டு நிமிடத்துக்கு. விநாடிக்கு ஐந்து ஆங்ஸ்ட்ராம் வீதம், பதினேழு நிமிடத்தில் முடிந்துவிடும். அவன் மேசையில் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தான். மச்சான் சேம்பரின் பார்வைக் கண்ணாடிக்கு எதிரே கைகட்டி நின்றார்.

"மாப்ள, இங்க வாயேன்."

"என்ன?"

"தங்கத்தைக் காய்ச்சுற பவர் ஏறிட்டே போகுது."

"கொஞ்சம் ஏறும்."

"கொஞ்சம் இல்ல. காலையில முதல் லோடுல முப்பத்தொண்ணு. ரெண்டாவதுல முப்பத்தொண்ணே முக்கால். இப்ப முப்பத்திரெண்டரை. அப்பவே சொல்லலாம்னு நெனச்சேன்."

"தங்கம் குறைஞ்சிருக்கும்."

"நான்தான் நிரப்பினேன், குறையுமா? உள்ள பாரு. இந்த வெளிச்சத்துக்கு அஞ்சு வராது, அஞ்சரை வரும். ஆனா பெட்டி அஞ்சுங்குது. அதுக்குப் பத்தல பத்தலன்னு தோணுது, இன்னும் போடு இன்னும் போடுங்குது. எங்கயோ இடிக்குது மாப்ள. நான் கை வெக்கல, நீயே பாரு."

உண்மையிலேயே கையைத் தூக்கிக் காட்டினார்.

அவன் எழுந்து வந்தான். திரையில் எண் ஓடிக்கொண்டிருந்தது. 2,640. 2,645. உலோகங்களின் எண்கள் இருக்கிற மெட்டீரியல் பக்கத்தைத் திறந்தான். ஓடும்போது திருத்த முடியாது; பார்க்கலாம். தங்கம். அடர்த்தி 19.30. சரி. விகிதம் 2.625.

2.625.

அவன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான். தங்கம் எப்பேர்ப்பட்ட கனம். அந்த மாதிரி உலோகத்துக்கு இந்த எண் ஒன்றைத் தாண்டவே தாண்டாது. குரோமியத்தைத் திறந்தான். 0.305. சரி. வெள்ளியைத் திறந்தான். 1.890. தப்பு. டைட்டானியமும் தப்பு.

குரோமியம் வரை 8.83-ஐ உலோகத்தால் வகுத்திருக்கிறான். தங்கத்திலிருந்து உலோகத்தை 8.83-ஆல் வகுத்திருக்கிறான். தலைகீழ்.

வில்லை புதிதாக இருக்கும்வரை இந்த எண் தப்பாக இருந்தாலும் ஒன்றும் தெரியாது. எந்த எண்ணைப் போட்டாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றுதான். பாரம் ஏற ஏறத்தான் தப்பு வெளியே வரும். அதனால்தான் சோதனை சரியாக வந்தது. முதல் லோடு சரியாக வந்தது. இரண்டாவதில் கொஞ்சம் கசிந்தது. இப்போது வில்லையின் மேல் காலையிலிருந்து ஏறிய தங்கம் முழுக்க உட்கார்ந்திருக்கிறது. பெட்டி ஐயாயிரம் என்று சொல்லி ஷட்டரை மூடும்போது, தட்டில் ஐயாயிரத்து நானூற்றுக்கு மேல் இருக்கும்.

நெஞ்சு அடித்துக்கொண்டது. முதலில் அது என்னவென்று அவனுக்கே பிடிபடவில்லை. நாலு மாதமாகக் கேட்காத சத்தம்.

சும்மா இருந்துவிடலாம். அந்த எண்ணமும் வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். யாருக்கும் தெரியாது. சோதனைத் தாளில் ஆயிரத்துக்கு ஆயிரம் என்று இருக்கிறது. நாளைக் காலை எண்ணை மாற்றிவிட்டால் தடயமே இருக்காது. மச்சானுக்குக் கெட்ட பெயர் ஏற்கெனவே இருக்கிறது. ஒட்ட வைக்கவே வேண்டாம், தானாக ஒட்டிக்கொள்ளும்.

2,780.

"மச்சான், நம்பர் தப்பு," என்றான். "நான் போட்டது. தலைகீழாப் போட்டிருக்கேன்."

"எந்த நம்பர்?"

"தங்கத்தோடது. பெட்டி கம்மியாச் சொல்லுது. விட்டா பூச்சு எகிறிடும்."

மச்சான் திரையைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "மாத்து அப்ப."

"பூட்டியிருக்கு."

"நிறுத்து."

"நிறுத்தி மறுபடி ஏத்தினா உரியும்."

"அப்ப?"

"கையால மூடணும். பெட்டி அஞ்சாயிரம் சொல்றதுக்கு முன்னாடி."

மச்சான் சிரித்தே விட்டார். சத்தமில்லாத சிரிப்பு. "உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா மாப்ள உனக்கு?"

"எப்ப மூடணும்னு கணக்குப் போடணும். இந்த லோடு ஆரம்பிச்சப்ப வில்லை எவ்வளவுல இருந்துச்சுன்னு தெரிஞ்சா போதும். பெட்டியில அதைத் தேடிட்டிருக்க நேரமில்ல."

"லாக் புக்ல இருக்கு."

"யாரு எழுதினது?"

"நான்தான். ஒவ்வொரு லோடுக்கும் எழுதுவேன். எழுத வேண்டாம்னு யாரும் சொல்லலையே."

லாக் புக்கில் மச்சானின் குண்டு குண்டான எழுத்தில், நடுக்கம் ஆயிரக் கணக்கில் இருந்தது: புது வில்லை, 6,000. மூன்றாவது லோடு ஆரம்பம், 5,824.

அவன் போனை எடுத்துப் பக்கவாட்டில் திருப்பினான். அப்போதுதான் இந்தச் சூத்திரத்துக்கு வேண்டிய கோணக் கணக்குப் பொத்தான்கள் கால்குலேட்டரில் தெரியும். முதல் விடை கன்னாபின்னாவென்று வந்தது. டிகிரியில் இருந்தது. ரேடியனுக்கு மாற்றினான்.  மறுபடி முதலிலிருந்து. உண்மையான எண்ணை வைத்து ஒரு கணக்கு, பெட்டி நம்பிக்கொண்டிருக்கிற எண்ணை வைத்து இன்னொரு கணக்கு. உண்மையில் ஐயாயிரம் ஏறும்போது பெட்டி என்ன சொல்லிக்கொண்டிருக்கும்?

3,400. 3,405.

லாக் புக்கின் ஓரத்தில் எழுதினான். 4,610.

நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது லோடை அதே முறையில் போட்டுப் பார்த்தான். பெட்டி ஐயாயிரம் சொன்னபோது உண்மையில் எவ்வளவு? 5,170 வந்தது. அக்காவின் ஊசி சொன்ன அதே எண்.

"நாலாயிரத்து அறுநூத்திப் பத்து," என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. முதலாளியம்மா. அவர் பின்னால் அளவறை அக்கா. ஏதோ தாளில் கையெழுத்து வாங்க வந்தவர்.

மச்சான் சிவப்பு மூடியைத் தூக்கிவிட்டிருந்தார்.

"கை எங்க இருக்கு?" என்றார் முதலாளியம்மா.

மச்சான் கையை எடுத்துவிட்டார். அனிச்சையாக. சூடு பட்ட மாதிரி.

"நான்தான் சொன்னேன்," என்றான் அவன். "தங்கத்தோட நம்பரைத் தப்பாப் போட்டிருக்கேன். அது தானா மூடினா எல்லை தாண்டிடும். நாலாயிரத்து அறுநூத்திப் பத்துல கையால மூடணும்."

"டெஸ்ட் சரியா இருந்துச்சே. நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

"வில்லை புதுசா இருந்தா சரியாத்தான் வரும். பாரம் ஏறினாத்தான் காட்டிக்கொடுக்கும். ரெண்டாவது லோடு கூடுனதும் அதனாலதான். அதுல அவர் கை இல்ல. பவர் ஏறுதுன்னு கண்டுபிடிச்சதே அவர்தான்."

நாலு மாதத்தில் அவன் சேர்ந்தாற்போலப் பேசிய பேச்சு அதுதான். அக்கா வாயில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

முதலாளியம்மா திரைக்குப் பக்கத்தில் வந்தார். 4,240. "இவரைக் காப்பாத்துறதுக்காகச் சொல்றீங்களா?"

"இல்ல."

"உங்க வீட்டு ஆளு."

"ஆமா. அதுக்காக இல்ல."

"கணக்கு தப்பா இருந்தா?"

"பூச்சு மெலிஞ்சிடும். போன மாசம் மாதிரி."

"தப்பா இருக்குமா?"

"ஒரு தடவை தப்புப் பண்ணவன்கிட்ட கேக்குறீங்க."

முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மூடு என்றும் சொல்லவில்லை, மூடாதே என்றும் சொல்லவில்லை. பம்பு உறுமுகிற சத்தம் மட்டும். பார்வைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தங்கம் வெள்ளையாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

4,480.

சொல்லப்போவதில்லை என்று அவனுக்குப் புரிந்தது. அவன் மச்சானைத் தாண்டிப் போய் சுவிட்சின் மேல் விரலை வைத்தான். "நான் மூடுறேன். என் தப்பு, என் கை."

மச்சான் அவன் மணிக்கட்டைப் பிடித்து ஓரமாகத் தள்ளினார்.

"உனக்கு மூடத் தெரியாது. இந்த ஷட்டர் கொஞ்சம் இழுக்கும். அரை செகண்ட் முன்னாடி அடிக்கணும்."

அரை விநாடி என்பது இரண்டரை ஆங்ஸ்ட்ராம். அக்காவின் ஊசிக்குக்கூட அது தட்டுப்படாது. மச்சானுக்கும் அது தெரியும்.

"மச்சான், வேண்டாம்."

"நம்பரைச் சொல்லு."

அவன் சொன்னான். "ஐநூத்தி அம்பது... எழுபது... எண்பது... தொண்ணூறு... அறுநூறு... அஞ்சு..."

டக்.

உள்ளே தகடு திரும்பி தங்கத்தை மறைத்தது. கண்ணாடியில் வெளிச்சம் அணைந்தது. பெட்டி ஒரு முறை கீச்சென்றது; யாரோ தன் வேலையில் தலையிட்டுவிட்டார்கள் என்று. எண் 4,610-இல் நின்றது.

மச்சான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

சேம்பர் ஆற அரை மணி நேரம். அந்த அரை மணியில் யாரும் உட்காரவில்லை. முதலாளியம்மா லாக் புக்கைப் புரட்டிக்கொண்டிருந்தார். மச்சானின் குண்டு எழுத்தில் பக்கம் பக்கமாக எண்கள். யாரும் கேட்காமல் எழுதியவை. அவர் ஒரு பக்கத்தில் நின்றார். போன மாதத்துப் பக்கம். அதற்குக் கீழே மச்சான் எழுதியிருந்தார்: 'எண் நின்றது என்று நினைத்தேன். நிற்கவில்லை.' முதலாளியம்மா பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

சேம்பரைத் திறந்ததும் அக்கா இடுக்கியால் சாட்சியை எடுத்துக்கொண்டு போனார். வழக்கமாக மச்சான்தான் பின்னால் போவார். இன்றைக்கு அவர் நகரவில்லை. அவன் போனான்.

ஊசி ஓடியது. திரையில் தரை, பிறகு ஒரு படி, பிறகு மேடு. அக்கா இரண்டு கோடுகளை இழுத்து வைத்தார். திரும்பிப் பார்த்தார்.

"பிறழ்சாட்சியா?" என்றான் அவன். அவன் வாயிலிருந்து ஒரு கிண்டல் வந்ததில் அக்காவே திகைத்துப்போனார்.

"இன்னொரு தடவை ஓட்டுறேன், இருங்க."

ஓட்டினார். மூன்றாவது முறையும் ஓட்டினார். பிறகு தாளில் எழுதி, அவன் பக்கம் நகர்த்தினார்.

5,010.

அவன் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போய் முதலாளியம்மாவிடம் கொடுத்தான். அவர் படித்தார். மச்சானைப் பார்த்தார். "போய் பேக் பண்ணுங்க. ஆள் வந்துடுவாங்க," என்றார். மச்சானின் வேலை மிஞ்சியது என்பதற்கு அவர் சொன்ன வார்த்தை அவ்வளவுதான். பிறகு அவன் பக்கம் திரும்பினார். "நீங்க இனிமே தனியா நம்பர் ஏத்தக்கூடாது. ஒருத்தர் சத்தமாப் படிக்கணும், ஒருத்தர் ஏத்தணும். ரெண்டு கையெழுத்து. மத்த உலோகமும் தப்பா இருக்கா?"

"வெள்ளியும் டைட்டானியமும்."

"இன்னிக்கே முடிச்சிட்டுப் போங்க. உங்க ஷட்டரைக் கூட வெச்சுக்கங்க."

லாக் புக்கில் அவன் எழுதினான்: 'தங்கத்தின் விகிதம் தப்பு. ஏற்றியது நான்.' தேதி போட்டான். கையால் மூடியது யார் என்ற இடத்தில் மச்சான் ஏற்கெனவே தன் பெயரை எழுதியிருந்தார்.

தட்டுகள் போன பிறகு இருவரும் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். பழைய நோட்டு மச்சானின் மடியில். தங்கத்தைத் திருத்தினார்கள்: 0.381. அடுத்தது வெள்ளி. மச்சான் படிக்காமல் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குரோமியம் வரைக்கும் ஒழுங்காப் போட்டிருக்க. அதுக்கப்புறம் எப்படித் தலைகீழாச்சு?"

"நடுவுல ஒரு போன் வந்துச்சு."

"யாரு?"

அவன் வெள்ளியின் பக்கத்தைத் திறந்தான். "எனக்கு இல்ல. அவ போனுக்கு."

மச்சான் நிமிர்ந்தார். "அந்த போன் இன்னும் இருக்கா?"

"பையில இருக்கு. சார்ஜ் போட்டு வெச்சிருக்கேன்."

"யாரு பேசினா?"

"கண்ணாடிக் கடை. அவ புதுசா மூக்குக்கண்ணாடிக்குக் கொடுத்திருந்தா. வெளிச்சம் கூசாம இருக்க மேல ஏதோ பூச்சு போட்டுத் தரச் சொல்லியிருக்கா. ரெடியாயி நாலு மாசம் ஆச்சாம். ஏன் வாங்க வரலைன்னு கேட்டாங்க. மேடம் இருக்காங்களான்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"இப்ப இல்ல, வந்தா சொல்றேன்னேன்."

 மச்சான் நோட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். 

"பூச்சு வேற போடச் சொன்னாளா," என்றார். "வீட்ல ரெண்டு பேர் பூச்சுக்காரங்களை வெச்சுக்கிட்டு, வெளிய கொடுத்திருக்கா பாரு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. வந்தது சிரிப்புதானா என்று தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டான். மச்சான் பார்க்கவில்லை, அவரும் வேறு பக்கம் திரும்பியிருந்தார்.

மச்சான் நோட்டை மடியில் நேராக வைத்தார்.

"கடை எத்தன மணிக்கு மூடுவான்?"

"எட்டு."

"அப்ப சீக்கிரம் போடு. வெள்ளி. அடர்த்தி பத்து புள்ளி அஞ்சு."

"பத்து புள்ளி அஞ்சு."

"தடை பதினாறு புள்ளி அறுபத்தொம்பது. எதை எதால வகுக்கணும்? வாய்விட்டுச் சொல்லு."

"எட்டு புள்ளி எண்பத்துமூணை," என்றான் அவன், "பதினாறு புள்ளி அறுபத்தொம்பதால."